பச்சையப்பனும் பத்திரமும்

கொடுப்பவன் வள்ளல். கொடுத்தது கொள்ளை போகாமல் காப்பது எது? சட்டம்! இதை உணர்த்தும் வாழ்வு, பச்சையப்ப முதலியாரின் வாழ்வு.

1754-இல் பெரியபாளையத்தில் பிறந்தார். பிறக்குமுன்பே தந்தை மறைந்தார். தாய் பூச்சியம்மாள், பிள்ளைகளோடு சென்னை வந்தார். கையிலே காசில்லை, கஞ்சிக்கே கவலை. பவுனி நாராயண பிள்ளை என்பவர் ஆதரவு தந்தார். சிறுவன் ஆங்கிலம் கற்றான், கணக்குக் கற்றான், வணிக நுணுக்கம் கற்றான். வெள்ளையருக்கும் உள்ளூராருக்கும் இடையே நின்று பேசும் துபாஷியானான். தஞ்சை வரை தொழில் விரிந்தது. குடிசைப் பிள்ளை கோமானானார்!

செல்வம் சேர்ந்தது, ஆயுள் சேரவில்லை. 1794 மார்ச்சில் நோய் முற்றியது. உயில் எழுதினார். கோயில் பணிக்கும் அன்னதானத்திற்கும் பெரும்பொருளை ஒதுக்கினார். அம்மாதக் கடைசியில் திருவையாற்றில் கண் மூடினார். வயது நாற்பது!

அதன்பின் நடந்தது என்ன? தர்மம் தழைத்ததா? இல்லை, வழக்குத் தழைத்தது! பொருளுக்கு உரிமை கோரினர் பலர். பொறுப்பேற்க வந்தவர் சிலர். ஆண்டுகள் உருண்டன, அறம் உறங்கியது. ஆனால் ஒன்று மட்டும் அழியவில்லை: அந்த எழுத்து! அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அரசாங்க வழக்கறிஞர்கள் சென்னை உச்சநீதிமன்றத்தில் வாதாடினர். பணம் மீட்கப்பட்டது. காக்க அறங்காவலர் குழு வந்தது. கோயில் செலவு போக மிஞ்சிய தொகையைக் கல்விக்குத் திருப்ப மன்றம் வழி வகுத்தது. ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞர் இதற்குத் துணை நின்றார். 1842 சனவரி முதல் நாள் ஏழை இளைஞர்களுக்குப் பள்ளி திறந்தது. அவர் மறைந்து ஏறத்தாழ 48 ஆண்டுகள் ஆகியிருந்தன! அந்தப் பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சியின் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை அண்ணா அங்கே பயின்று அறிஞரானார்.

குறையே இல்லையா? உண்டு. இந்துக்களுக்கு மட்டும் என்ற வேலி 1947 வரை நின்றது. பத்திரத்திலும் திட்டத்திலும் யாருக்கு இடம் என்று எழுதுகிறோமோ, அவருக்கே கதவு திறக்கும். எழுதும்போதே அகலமாக எழுத வேண்டும்!

உலகெங்கும் இதே பாடம். 1860-இல் பாரிசில் யூதர் சிலர் கூடிச் சங்கம் கண்டனர். ஒதுக்கப்பட்ட தம் இனத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தர. இரண்டே ஆண்டில் மொராக்கோவின் தெத்துவானில் அவர்கள் பள்ளி எழுந்தது. தனி மனிதன் தருமம் அரை நூற்றாண்டு தவித்தது. கூடிக் கண்ட சங்கம் உடனே நடந்தது!

உழவர்கரையில் படிப்பகம் நடத்தும் இளைஞனே, உன் சங்கம் எந்த ஏட்டில் இருக்கிறது? செயலாளர் வீட்டு அலமாரியிலா? அதே 1860-இல் வந்த சங்கப் பதிவுச் சட்டம் கேட்பது ஏழு பேர், ஒரு நோக்கம், சில விதிகள். நூலகமும் படிப்பகமும் அதில் அடங்கும். சங்கம் கலைந்தாலும் மிச்சச் சொத்தை உறுப்பினர் பங்கு போட முடியாது; வேறொரு சங்கத்திற்கே போகும்.

வியர்வை சிந்திச் சேர்த்த நாற்காலியும் நூலும் நாளை யாருடையது என்ற கேள்வி எழுமுன், ஏழு கையெழுத்து இடுங்கள். பச்சையப்பன் பணத்தைக் காத்தது வாளல்ல, தாள்!