தாத்தா இரட்டைமலை சீனிவாசனார்: அச்சத்தை வென்ற வாழ்வு

செஞ்சி என்றதும் இராசகிரிக் கோட்டையும் தேசிங்குராசன் கதையும் நினைவுக்கு வருகின்றன. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறு படையுடன் எதிர்த்து மடிந்த அவ்விளைஞனின் வீரத்தைக் கதைப்பாடல்கள் போற்றுகின்றன. அது வாளேந்திய வீரம். வாளின்றி விளங்கும் வீரமும் ஒன்றுண்டு. ஊரார் பார்வைக்கு அஞ்சி ஒளித்து வைத்த உண்மையை, அவ்வூரார் முன்னிலையிலேயே தலைநிமிர்ந்து உரைப்பதே அவ்வீரம். அவ்வகை வீரருள் தலையாயவர், நாம் அன்போடு தாத்தா என்றழைக்கும் இரட்டைமலை சீனிவாசனார். வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் அவர் வரலாற்றை எழுதுவது நம் கடமை.

இளமையும் கல்வியும்

சீனிவாசனார் 1859ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள், செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் ஆதிதிராவிடர் குடியில் பிறந்தார். வறுமையும் சாதிக் கொடுமையும் அக்குடும்பத்தை முதலில் தஞ்சைக்கும் பின்னர்க் கோயமுத்தூருக்கும் துரத்தின. கோயமுத்தூரில் அவர் பயின்ற பள்ளியில் ஏறக்குறைய 400 மாணவர். அவருள் பத்துப் பேர் போக எஞ்சியோர் அனைவரும் பிராமணர்.

அப்பள்ளியில் அவர் பட்ட பாட்டை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எவரும் அவரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ வரலாறில்லை. தம் குலமும் குடியிருப்பும் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சமே அவரை வருத்தியது. பள்ளி தொடங்குமுன் வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பில் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மைத் தொடராதவாறு விரைந்து வீடு சேர்வார். விளையாட வேண்டிய வயதில் விளையாட்டையும் துறந்தார்.

ஊர்ப்பழக்கத்தின் வலிமையை இங்கே காண்கின்றோம். பலர் சேர்ந்து ஒருவனைத் தாழ்ந்தவன் என்று நெடுங்காலம் கருதினால், அக்கருத்து அவன் நெஞ்சிலும் குடிபுகுந்துவிடுகிறது. பிறகு அவனைக் காவல் காக்க வேறொருவர் வேண்டுவதில்லை. அவனே தன்னைக் காவல் காத்துக்கொள்கின்றான். ஊரோடு ஒத்துப்போதல் நல்லொழுக்கம் என்பர். ஊர் தவறிழைக்கும்போது ஒத்துப்போகின்றவனும் அத்தவற்றில் பங்காளியாகின்றான். அதனால் தாக்குண்டவனுங்கூட அறியாமலே அதற்குத் துணைபோகின்றான்.

மறைத்த பெயரே கொடியானது

படிப்பு முடிந்தபின் சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். நல்ல ஊதியம், மலைநாட்டில் அவர் குலத்தைத் தோண்டித் துருவிக் கேட்பாரும் குறைவு. அவ்வாறே மறைந்து வாழ்ந்து மறைந்திருக்கலாம். அவரோ 1890ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். நம் மக்களின் நிலையை ஊரூராகச் சென்று ஆராய்ந்தார்.

1893ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் பறையன் என்பது. எப்பெயரைச் சொல்லி உலகம் இழித்ததோ, எப்பெயர் வெளிப்படுமோ என்று பள்ளிப் பருவத்தில் அவரே அஞ்சி ஒளிந்தாரோ, அப்பெயரையே இதழின் முகப்பில் பொறித்தார். படித்து உத்தியோகம் பெற்ற நம்மவர் சிலர் குலத்தை மறைத்து வாழ்ந்த காலம் அது. தன்னை இன்னான் என்று வெளிப்படையாகச் சொல்லி முன்வராதவன் உரிமை கோர இயலாது என்பது அவர் கொள்கை. மாத இதழாகப் பிறந்த அது வார இதழாக வளர்ந்து 1900ஆம் ஆண்டு வரை நடந்தது.

பறையர் மகாசன சபையையும் அவர் நடத்தினார். சிவில் சர்வீசு தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரசு கோரியபோது, உயர்சாதியாரே பதவிகளை நிரப்பிக்கொள்வர் என்று கண்டு, அதனை எதிர்த்துப் பாராளுமன்றத்திற்கு மனு அனுப்பினார். நாடே ஒரு பக்கம் பேசுகிறது என்பதற்காக அவர் தம் மக்கள் நலனை விட்டுக்கொடுக்கவில்லை.

சட்டமன்றமும் இலண்டன் மாநாடும்

பின்னர்க் கடல் கடந்து சென்று, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றித் தாயகம் திரும்பினார். 1923ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எச்சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டில் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1925ஆம் ஆண்டில் அரசிதழில் அது வெளியாயிற்று. அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த நம் செஞ்சி வட்டாரத்துக்கும் அவ்வாணை உரியதே. ஆயின் ஆணை பிறந்த மறுநாளே நாட்டில் கிணறுகள் திறந்துவிடவில்லை. தடுப்பவர் தடுத்தனர், அஞ்சியவர் அஞ்சினர். தாளில் எழுதிய உரிமை காலடியில் வருவதற்குத் துணிந்து முதலடி வைப்பவரும், அவரோடு உடன் நடப்பவரும் வேண்டும்.

இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்களின் பேராளராக அமர்ந்தார். மன்னர் ஐந்தாம் சார்சு முன்னிலையிலும் தம்மைத் தீண்டாதவர் என்றே அடையாளம் காட்டி நின்றார் என்பது நம்மவரிடையே வழிவழியாகப் பேசப்படும் செய்தி. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார்.

தம்மவரோடும் அவர் கண்மூடி ஒத்துப்போனவரல்லர். 1935ஆம் ஆண்டில் அம்பேத்கர் இந்து மதத்தைத் துறக்கப்போவதாக அறிவித்தபோது, நம் மக்கள் வருணத்துக்குப் புறம்பானவர், ஆதலின் துறக்க வேண்டியதில்லை என்று மாற்றுக் கருத்துரைத்தார். நெருங்கிய உறவினரான அயோத்திதாசப் பண்டிதரோ, பறையன் என்னும் பெயரையே ஏற்காது, நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். இம்மூவரில் எவர் கருத்து சரி என்பதை நம் இளைஞர் படித்துத் தாமே ஆராயட்டும். கருத்து வேறுபட்டும் அவர்கள் மூவரும் ஒரே மக்களுக்காக உழைத்தனர் என்பதையும் மறவாதிருக்கட்டும். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் சீனிவாசனார் இயற்கை எய்தினார்.

நாம் கொள்ள வேண்டுவது

நம் பிள்ளைகள் இன்று சென்னைக்கும் பெங்களூருக்கும் படிக்கவும் பணியாற்றவும் செல்கின்றனர். எந்த ஊர் என்று கேட்டால் செஞ்சி என்பர். எந்தத் தெரு என்று கேட்டால் பேச்சை மாற்றுவர். வாடகை வீடு கிடைக்க வேண்டுமே, உடன் உண்ணும் நண்பன் விலகிவிடுவானோ என்னும் அச்சம் அவர்களை அவ்வாறு செய்விக்கின்றது. அவர்களை நாம் பழிக்க மாட்டோம். தாத்தாவும் அவ்வாறு ஒளிந்தவரே. குற்றம் ஒளிபவனுடையதன்று; ஒளிய வைத்தவருடையது.

ஆனால் அவர் ஒளிந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. தனியொரு சிறுவனாய் 400 பேர் நடுவில் இருந்தபோது வாய் திறக்க இயலாதிருந்தவர், இதழ் கண்டு சபை கூட்டித் தம் மக்களோடு நின்றபோது அரசையே கேட்கத் துணிந்தார். கூட்டம் மனிதனை அஞ்ச வைக்கும். நல்ல கூட்டமோ அவ்வச்சத்தைப் போக்கும். கல்விக் கழகம் ஒன்றை நாம் அமைத்துக் காத்து வருவதன் பொருள் இதுவே. படித்த ஒருவன் தனியே ஒளிய நேராதபடி, அவன் பின்னே நாம் நிற்போம். அவனும் படிப்பின் பயனாய்த் தன் கண்ணால் கண்டு, தன் அறிவால் எடைபோட்டு, ஊர் சொன்னாலும் உற்றார் சொன்னாலும், நாமே சொன்னாலும், நேர்மையானதை மட்டும் ஏற்பானாக!

தாத்தா புகழ் ஓங்குக!