வாஷிங் மெஷின் நடுவில் நிற்கும் அந்தத் தூண்... யார் இந்த மேடேக்?

சில டாப் லோடு வாஷிங் மெஷின்களின் மூடியைத் திறந்தால், நடுவில் இறக்கைகளோடு ஒரு தூண் நிற்கும். அதுதான் அஜிடேட்டர். தூண் இல்லாமல் அடியில் தட்டு மட்டும் இருந்தால், அது பல்சேட்டர். நம்ம வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். ரெண்டும் அடியிலிருந்துதான் தண்ணீரைக் கலக்கும். ஒரு காலத்தில் இது தலைகீழா இருந்துச்சுன்னா நம்புவீங்களா?

விவசாயி வீட்டுப் பிள்ளை

ஃபிரெடெரிக் லூயிஸ் மேடேக் 1857-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம். பிறகு அயோவாவுக்கு மாறினார்கள். 1893-ல் நியூட்டன் என்ற சிற்றூரில், கூட்டாளிகளோடு பண்ணைக் கருவித் தொழிலைத் தொடங்கினார். கதிர்க்கட்டின் கயிறை அறுத்து, கதிரடிக்கும் இயந்திரத்துக்குள் தள்ளும் கருவி அது.

சிக்கல் என்னன்னா, அறுவடை முடிந்தால் வியாபாரமும் படுத்துவிடும். மற்ற மாதங்களை எப்படி ஓட்டுவது? அதற்காக 1907-ல் கையில் எடுத்ததுதான், கையால் சுற்றும் மரத்தொட்டி வாஷிங் மெஷின். இடையில் கார் தயாரிப்பிலும் இறங்கினார். அது நிலைக்கவில்லை. துவைக்கும் இயந்திரத்தை மட்டும் விடவில்லை. மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்காக, பெட்ரோல் இன்ஜினில் ஓடும் மாடலையும் விற்றார்.

மேலிருந்து கீழே

அப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் மூடியிலிருந்து மரமுளைகள் தொங்கும். அவை துணியைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தடிக்கும். துணி சிக்கும், கிழியும்.

1919-ல் அலுமினியத் தொட்டியை வார்த்தெடுத்தது மேடேக் நிறுவனம். 1922-ல் அங்கு பணியாற்றிய ஹோவர்ட் ஸ்னைடர், துவைக்கும் பாகத்தை மூடியிலிருந்து எடுத்துத் தொட்டியின் அடியில் பொருத்தினார். துணியைத் தண்ணீருக்குள் இழுக்காமல், தண்ணீரைத் துணிக்குள் பாய்ச்சினால் என்ன? இவ்வளவுதான் யோசனை. 'ஜைராஃபோம்' என்ற பெயரில் வந்த அந்த மாடல், சில ஆண்டுகளிலேயே நிறுவனத்தை அமெரிக்கச் சந்தையின் உச்சிக்குக் கொண்டுபோனது.

மேடேக் 1937-ல் காலமானார். 2006-ல் அவரது நிறுவனம் வேர்ல்பூல் வசம் போனது. அடுத்த ஆண்டே நியூட்டன் ஆலையும் மூடப்பட்டது. ஆனால் அடியிலிருந்து கலக்கும் முறை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, நமக்கு இதில் என்ன பாடம்?

துவைப்பது தண்ணீரின் ஓட்டம். எனவே தொட்டியை வாய்வரை திணிக்காதீங்க. துணி மேலும் கீழும் புரள இடம் வேணும். பெரிய போர்வையைத் தூணைச் சுற்றிக் கட்டுவதுபோல போடாதீங்க. பாக்கெட்டில் நாணயம், ஹேர்பின் இருக்கான்னு பாருங்க. ரெண்டு அடுக்கு அஜிடேட்டரில் கீழ்ப்பகுதி அசைந்து, மேல்பகுதி மட்டும் சும்மா நின்றால், உள்ளே இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மெஷினையே மாற்ற வேண்டாம், அந்தப் பாகத்தை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.