பெயரிட்ட பெருந்தகை

கார்ல் லின்னேயஸ் 1707ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் பிறந்தார். மருத்துவம் பயின்று, உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அக்காலத்தில் உயிரினங்கள் நீண்ட இலத்தீன் தொடர்களால் குறிக்கப்பட்டன. 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில் (1758), தாம் அறிந்த விலங்குகளுக்கெல்லாம் பேரினம், சிற்றினம் என இருசொற்பெயர் சூட்டினார்.

நீண்ட உணர்கொம்புகளும் நீலச்சாம்பல் நிறமும் கொண்ட வண்டு ஒன்றுக்குச் 'செராம்பிக்ஸ் ஆல்பினஸ்' என்று பெயரிட்டார். ஆல்ப்ஸ் மலைக்குரியது என்பது அதன் சிற்றினப் பெயரின் பொருள்.

1778இல் லின்னேயஸ் மறைந்தார். 19ஆம் நூற்றாண்டில் அவ்வண்டு 'ரோசாலியா' என்னும் தனிப் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. எனினும் அவர் இட்ட சிற்றினப் பெயர், ஈறு மட்டும் திரிந்து, 'ரோசாலியா ஆல்பினா' என நிலைத்தது. பேரினம் மாறியதை உணர்த்த, அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகிறது. வகைப்பாடு திருத்தப்பட்டாலும், முதலில் பெயரிட்டவரின் உழைப்பை அறிவியல் மறப்பதில்லை.