இப்னு கல்தூன்: வரலாற்றில் விதி கண்ட அறிஞர்

மன்னர் பெயர்களையும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் மனனஞ் செய்தலே சரித்திரக் கல்வி என எண்ணுவார் பலர். நிகழ்ந்தவற்றை ஆராயாது சமுதாயத்துக்கு விதி வகுக்க முற்படுவாரும் உளர். இவ்விரு சாராரும் அறியத்தக்கது இப்னு கல்தூன் என்னும் அரபு அறிஞரின் வாழ்க்கை.

இவர் 1332ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவிலுள்ள தூனிஸ் நகரிற் பிறந்தார். இளமையிலேயே இவர்தம் பெற்றோரையும் ஆசிரியர் சிலரையும் கொள்ளைநோய் கொண்டுசென்றது. பின்னர் பெஸ், கிரனாடா முதலிய அரசவைகளிற் பணிபுரிந்தார். மன்னரின் அன்புக்குப் பாத்திரராய் இருந்த காலமும் உண்டு; ஏறக்குறைய இரண்டாண்டு சிறையிற் கிடந்த காலமும் உண்டு. அரசுகள் எழுவதையும் வீழ்வதையும் ஏட்டிற் படித்ததோடு அமையாது கண்ணாரக் கண்டவர் இவர்.

1375இல் அரசியலை விட்டு, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கினார். 1377இல், தாம் எழுதத் தொடங்கிய பெருவரலாற்றுக்கு முகவுரையாக முகத்திமா என்னும் நூலை ஐந்து திங்களில் வரைந்து முடித்தார். பாலைநில மக்களின் கூட்டுணர்வு அவர்களை ஆட்சிக்கு உயர்த்தும். நகரத்துச் சுகபோகம் அவ்வுணர்வைத் தேய்க்கும். பெரும்பாலும் மூன்று தலைமுறையில், ஏறத்தாழ 120 ஆண்டில், அவ்வரசு தளரும். இஃது அவர் கண்ட முடிபு.

சமுதாயத்தின் இயல்பை அறிந்தவனே பழஞ்செய்திகளின் மெய்ம்மையைத் துணிதல் கூடும் என்பதும் அவர் கொள்கை. மூஸா நபியின் (மோசேயின்) படையில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர் இருந்தனர் என்னும் செய்தியை அவர் ஏற்றிலர். அத்துணைப் பெரும்படையை ஒரு களத்தில் நிறுத்திப் போர்புரிதல் இயலாது. சில தலைமுறையில் ஒரு குலம் அவ்வளவு பெருகுதலும் அரிது என்று காரணங் காட்டினார். இவ்வாறு வரலாறு கோட்பாட்டைத் தந்தது. கோட்பாடு வரலாற்றுக்கு உரைகல் ஆயிற்று.

ஆயினும் முகவுரையைத் தொடர்ந்த பகுதிகளில் அவ்வுரைகல்லை அவர் எங்கும் பயன்படுத்தினாரல்லர் என அறிஞர் குறை கூறுவர். அக்குறையும் நமக்கு ஒரு பாடமே. விதி வகுத்தலினும், அதனைக் கொண்டு ஒவ்வொரு செய்தியையும் சோதித்தல் கடினம்.

1382இல் எகிப்து சென்று நீதிபதியானார். தம்மிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தாரைக் கடலில் இழந்தார். 1401இல், எழுபதை அணுகிய வயதில், முற்றுகையிடப்பட்ட டமாஸ்கஸ் நகரின் மதிலிலிருந்து கயிற்றால் இறங்கித் தைமூரைக் கண்டு உரையாடினார். தம் கோட்பாடு கூறிய பேரரசனை நேரிற் கண்டறியும் வாய்ப்பும் அது. 1406இல் கெய்ரோவில் மறைந்தார்.

செய்தியைக் கோட்பாட்டாலும் கோட்பாட்டைச் செய்தியாலும் சோதித்தலே அவர் விட்டுச்சென்ற நெறி. நம் மாணவர் அதனை மேற்கொள்வாராக.