கணிப்பொறி கண்ட சார்லஸ் பாபேஜ்

கூட்டலும் பெருக்கலும் மனித மூளைக்கே உரிய தொழில்கள் என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. கைவிரல்களும் மணிச்சட்டமும் பலகையும் எழுதுகோலும் அத்தொழிலுக்குத் துணைநின்றன. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர், பல்சக்கரங்களைக் கொண்டு கூட்டல் செய்யும் சிறு பெட்டி ஒன்றை அமைத்தார். ஆனால் அதனை இயக்குபவர் ஒவ்வோர் அடியிலும் தாமே எண்களை இடுதல் வேண்டும். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு கணக்கைத் தானே செய்து, விடையையும் தானே அச்சிட்டுத் தரும் பொறி ஒன்றை வகுத்து, அதற்கெனவே தம் வாழ்நாளையும் செல்வத்தையும் செலவிட்டவர் ஆங்கில நாட்டுச் சார்லஸ் பாபேஜ் ஆவார்.

பாபேஜ் 1791ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் வங்கித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். புதிய விளையாட்டுப் பொருள் எது கைக்கு வந்தாலும், அதனுள் என்ன இருக்கிறது என்று தாயாரைக் கேட்பது சிறுவனின் வழக்கம். விடை மனத்துக்கு நிறைவு தராவிடின், அப்பொருள் உடைபட்டுத் திறக்கப்படும். ஒருமுறை தாயார், மெர்லின் என்பார் நடத்திவந்த பொறிக் காட்சிக்கு அவனை அழைத்துச் சென்றார். சிறுவனின் ஆர்வத்தைக் கண்ட மெர்லின், தம் பணிக்கூடத்தில் மறைவாக வைத்திருந்த இரண்டு வெள்ளிப் பதுமைகளைக் காட்டினார். அவற்றுள் ஒன்று, விரல்மேல் பறவை ஒன்றை ஏந்தி அபிநயம் புரியும் ஆடல்மகள். அப்பதுமையைச் சிறுவன் மறக்கவில்லை. பிற்காலத்தில் அது ஏலத்துக்கு வந்தபோது 35 பவுன் கொடுத்து வாங்கி, பழுது நீக்கி, தம் இல்லத்தின் வரவேற்பறையில் கண்ணாடிக் கூட்டினுள் நிறுத்திவைத்தார்.

இளமையில் பாபேஜ் செய்த சோதனைகள் யாவும் வெற்றி பெற்றன என்பதற்கில்லை. நீரின்மேல் நடக்க விரும்பிப் பலகைகளைக் காலில் பிணைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி, உயிர் தப்பியதே பெரிது என்னும் நிலையில் ஒருமுறை கரையேறினார்.

1810ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கற்பிக்கப்பெற்ற கணிதம், ஐரோப்பியப் பெருநிலத்தில் வளர்ந்திருந்த கணிதத்துக்குப் பின்தங்கியிருந்தது. எனவே ஹெர்ஷல், பீக்காக் முதலிய நண்பர்களுடன் கூடி, 1812இல் புதுமுறைக் கணிதத்தைப் பரப்புதற்கு ஒரு கழகம் நிறுவினார். 1816இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

அக்காலத்தில் கடலில் கலம் செலுத்துவோரும், வானத்தை ஆய்வோரும், பொறியியலாரும், வங்கிக் கணக்கரும் அச்சிட்ட எண் அட்டவணைகளையே நம்பியிருந்தனர். அட்டவணையில் ஓர் எண் பிழைபட்டால் கப்பல் வழிதவறிப் பாறையில் மோதவும் கூடும். 1821இல் பாபேஜும் ஹெர்ஷலும் வானநூல் அட்டவணைகள் சிலவற்றை ஒப்புநோக்கியபோது, பக்கந்தோறும் பிழைகள் தலைகாட்டின. சலிப்புற்ற பாபேஜ், இக்கணக்குகளை நீராவியைக் கொண்டு செய்ய இயலாதா என்று ஏங்கினார். அவ்வேக்கமே அவர்தம் வாழ்க்கையின் திருப்பமாயிற்று.

பிழை புகுவதற்கு மூன்று வாயில்கள் இருப்பதை அவர் உணர்ந்தார். கணக்கிடுவோர் தவறலாம், விடையைப் படியெடுப்போர் தவறலாம், அச்சுக் கோப்போரும் தவறலாம். முதல் வாயிலை மட்டும் அடைத்துப் பயனில்லை. ஆகவே தாம் அமைக்கும் பொறி, விடையைக் காண்பதோடு அச்சுத் தகட்டிலும் தானே பதித்தல் வேண்டும் என்று துணிந்தார்.

அப்பொறிக்கு அடிப்படையான முறை மிக எளியது. 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களை நோக்குக. அடுத்தடுத்த எண்களின் வேறுபாடுகள் 3, 5, 7, 9 ஆகும். இவ்வேறுபாடுகளின் வேறுபாடு எப்பொழுதும் 2 ஆகும். ஆகவே 9உடன் 2ஐக் கூட்டினால் 11 கிடைக்கும். அதனை 25உடன் கூட்டினால் அடுத்த வர்க்கமாகிய 36 கிடைக்கும். பெருக்கல் என்பதே இங்கு வேண்டுவதில்லை. கூட்டல் ஒன்றே போதும். கூட்டலைச் சக்கரங்கள் செய்யும். இம்முறையைத் தழுவியதால் அப்பொறிக்கு வேறுபாட்டுப் பொறி என்று பெயரிட்டார்.

1822இல் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். மறு ஆண்டில் ஆங்கில அரசாங்கம் 1,500 பவுன் அளித்தது. ஜோசப் கிளெமென்ட் என்னும் கைதேர்ந்த கருவியாளர் பணியை மேற்கொண்டார். முழுப் பொறிக்கு ஏறத்தாழ 25,000 உறுப்புகள் தேவைப்பட்டன. ஒரே அளவில் நூற்றுக்கணக்கான சக்கரங்களைக் கடைந்தெடுக்கும் வழி அன்று தொழிலுலகில் இல்லை. உறுப்புகளைச் செய்யுமுன், அவற்றைச் செய்தற்குரிய கருவிகளையே புதிதாகப் படைத்தல் வேண்டியிருந்தது. ஆண்டுகள் கழிந்தன, செலவும் ஏறியது.

1827ஆம் ஆண்டு பாபேஜுக்குத் துயர் மிக்க ஆண்டு. தந்தையும், ஒரு மகனும், அன்பு மனைவி ஜார்ஜியானாவும் அவ்வோராண்டிலேயே மறைந்தனர். மனம் ஆறுதற்கு ஐரோப்பிய நாடுகளில் சுற்றித் திரும்பியவர், பொறிப் பணியில் முன்னிலும் தீவிரமாக ஆழ்ந்தார். 1828இல் கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. பதினோராண்டு அப்பதவியில் இருந்தும் அவர் ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை. மனமெல்லாம் இலண்டன் பட்டறையிலேயே இருந்தது.

1832இல் பொறியின் ஏழில் ஒரு பகுதி பொருத்தி முடிக்கப்பெற்றது. கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற விடைகள் பிழையின்றி வந்தன. பாபேஜின் இல்லத்தில் சனிக்கிழமைதோறும் நடைபெற்ற மாலை விருந்துகளில் அறிஞரும் பெருநிலக்கிழாரும் கூடுவர். பின்னாளில் வெள்ளிப் பதுமையும் அங்கே இடம்பெற்றபோது, ஓர் அறையில் ஆடல்மகளும் அடுத்த அறையில் கணிக்கும் பொறியும் இருந்தன. விருந்தினருள் பெரும்பாலோர் ஆடல்மகளையே சூழ்ந்து நின்றனர். அடுத்த அறையில் நின்று பொறியைக் கூர்ந்து நோக்கியவர்கள் அயல்நாட்டார் சிலரே என்பது பாபேஜின் மனத்தை வருத்தியது. புதுமைப் பொருளின் பளபளப்பில் மயங்குவது அக்காலத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று.

1833இல் பாபேஜுக்கும் கிளெமென்டுக்கும் ஊதியம் பற்றிப் பிணக்கு எழுந்து பணி நின்றது. அக்காலத் தொழில் வழக்கப்படி, செய்த கருவிகள் கருவியாளர்க்கே உரியவை. எனவே அவை கிளெமென்டிடமே தங்கின. வரைபடங்களும் சில காலம் பாபேஜின் கைக்கு வரவில்லை. அந்த இடைவேளையில் அவர் தம் பொறியை முதலிலிருந்து மீண்டும் எண்ணிப் பார்த்தார். அப்பொழுது அவர் உள்ளத்தைப் பற்றிய வினா, பொறியை விரைவாக இயங்கச் செய்வது எங்ஙனம் என்பதே.

கைப்பிடியை விரைந்து சுழற்றினால் சக்கரங்கள் தேயும், சிக்கும், முறியும். ஆகவே வலிமையை மிகுப்பதால் விரைவு வாராது. நேரம் எங்கே வீணாகிறது என்று அவர் ஆராய்ந்தார். 9999உடன் 1ஐக் கூட்டுவதாகக் கொள்வோம். ஒன்றாம் இடத்தில் பத்து நிரம்பி, 1ஐப் பத்தாம் இடத்துக்குக் கொண்டுசெல்கிறோம். அங்கும் பத்து நிரம்ப, நூறாம் இடத்துக்குக் கொண்டுசெல்கிறோம். இங்ஙனம் ஒவ்வோர் இடமும் தனக்கு முந்தியது முடியும்வரை காத்து நிற்கிறது. ஐம்பது இலக்கங்கள் கொண்ட எண்ணாயின், கூட்டுவதற்கு ஆகும் நேரத்தினும் இவ்வாறு கொண்டுசெல்வதற்கு ஆகும் நேரமே பன்மடங்கு மிகுதி.

இக்காத்திருப்பை ஒழிக்கப் பாபேஜ் ஒரு வழி கண்டார். 9இல் நிற்கும் சக்கரங்கள் தொடர்ந்திருப்பின், அவற்றுக்குரிய உலோகத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி ஒரே கோல்போல் நிற்கும். கீழே ஒன்றை உயர்த்தினால் எல்லாம் ஒருங்கே உயரும். எத்தனை இலக்கங்கள் இருப்பினும் வேலை ஒரே அசைவில் முடியும். வருவதை முன்னரே அறிந்து நிற்கும் பொறி என்று இதனைக் கூறலாம். தம் கண்டுபிடிப்புகளுள் இதனைப் பாபேஜ் பெரிதும் போற்றினார்.

ஆயினும் இவ்வமைப்பு மிக்க உறுப்புகளை வேண்டுவது. எண்களைத் தாங்கும் தூண் ஒவ்வொன்றுக்கும் இதனைப் பொருத்தினால் பொறி அளவிறந்து பெருகும். எனவே கூட்டலும் பெருக்கலும் நிகழ்தற்கு ஓரிடம், எண்களை வைத்திருப்பதற்கு மற்றோரிடம் என்று பொறியை இரண்டாகப் பிரித்தார். முன்னதை ஆலை என்றும், பின்னதைப் பண்டசாலை என்றும் அழைத்தார். வேண்டும் எண் பண்டசாலையிலிருந்து ஆலைக்கு வரும். வேலை முடிந்ததும் திரும்பிச் செல்லும். 1834இல் உருவாகத் தொடங்கிய இப்புதுப்பொறிக்குப் பகுப்பாய்வுப் பொறி என்று பெயர். இன்றைய மின் கணிப்பொறியிலும் கையிலுள்ள தொலைபேசியிலும் கணிக்கும் பகுதியும் நினைவகமும் இவ்வாறே பிரிந்து நிற்கின்றன. கணிப்பொறி மந்தமாகிவிட்டது என்று வருந்துவோர்க்கு, வேண்டாத வேலைகளை மூடிவைக்குமாறும், நினைவகத்தைப் பெருக்குமாறும், சுழலும் தட்டினை நீக்கிச் சுழலாத சேமிப்பகத்தைப் பொருத்துமாறும் வல்லுநர் கூறுகின்றனர். ஆலை பல வேளைகளில் விரைவாகவே இருக்கிறது. பண்டசாலையை நோக்கிக் காத்திருப்பதனால்தான் நேரம் கழிகிறது.

எந்தக் கணக்கை எந்த முறையில் செய்வது என்பதைப் பொறிக்கு அறிவிக்க, நெசவிலிருந்து ஒரு வழியைப் பாபேஜ் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த தறியில், துளையிட்ட அட்டைகள் எந்த இழை உயர வேண்டும் என்பதை வரையறுக்கும். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளிலும் இவ்வகை அட்டைகள் பயன்பட்டு வந்துள்ளன. ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று பாபேஜிடம் இருந்தது. அதனை நெய்வதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தவர்கள் அதனை அச்சுப்படம் என்றே மயங்கினர்.

இப்பொறியின் ஆற்றலை நன்குணர்ந்தவர் கவிஞர் பைரனின் மகளாகிய ஏடா லவ்லேஸ் அம்மையார். பதினேழு வயதில் பாபேஜின் இல்லத்தில் முதற்பொறியைக் கண்டவர் அவர். மெனாப்ரியா என்னும் இத்தாலியர் பகுப்பாய்வுப் பொறி பற்றி எழுதிய கட்டுரையை, 1843இல் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தைப் போல் மும்மடங்கு நீண்ட குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். விதிகளுக்கு உட்படுத்தினால் இசையையும் இப்பொறி கையாளக்கூடும் என்று அக்குறிப்புகளில் அவர் கண்டார். அத்தகைய அம்மையார் 1852இல் முப்பத்தாறாம் வயதிலேயே மறைந்தார்.

முதற்பொறிக்கு அரசாங்கம் செலவிட்ட தொகை 17,000 பவுனுக்கு மேற்பட்டது. 1831இல் நீராவி இரயில் எஞ்சின் ஒன்றின் விலை ஏறத்தாழ 800 பவுனே. இத்துணைப் பொருள் சென்றும் முழுப்பொறி கைக்கு வராமையால், 1842இல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. தலைமையமைச்சர் பீல் அவர்களைக் கண்டு பாபேஜ் வழக்காடியும் பயனில்லை. இதில் அரசாங்கத்தை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. முன்னது முடியுமுன் அதனினும் சிறந்ததைக் காணும் கண் பாபேஜுக்கு இருந்தது. கண்டதை மறைத்துவைக்கும் இயல்பு இல்லை. பழைய பொறி நிற்கையிலேயே புதிய பொறியின் பெருமையைக் கூறினால், பொருள் தருவோர் மனம் தளர்வது இயல்பே. அவருடைய சினமும் எள்ளல் மொழியும் நண்பரினும் பகைவரை மிகுதியாகத் தேடித் தந்தன.

ஆயினும் அவர் ஓயவில்லை. புதிதாகக் கற்றவற்றைக் கொண்டு 1847 முதல் 1849 வரை இரண்டாம் வேறுபாட்டுப் பொறியை வரைந்தார். முதற்பொறியின் உறுப்புகளில் மூன்றில் ஒரு பங்கே இதற்குப் போதுமானதாயிருந்தது. இதற்கும் அரசாங்கம் பொருள் தரவில்லை. இடையிடையே சிறு பொருள்களிலும் அவர் சிந்தை சென்றது. விழியின் உட்புறத்தைக் காணும் கருவி ஒன்றை அமைத்தார். எந்நிறத் தாளில் அச்சிட்டால் கண் களைப்படையாது என்று அறிய, மடக்கை அட்டவணையின் மாதிரிகளைப் பல வண்ணத் தாள்களில் அச்சிட்டுப் பார்த்தார். 1853இல் ஸ்வீடன் நாட்டு ஷூட்ஸ் என்பாரும் அவர் மகனும் வேறுபாட்டுப் பொறி ஒன்றை முடித்துக் காட்டியபோது, சிறிதும் அழுக்காறின்றி அவர்களைப் பாராட்டினார்.

முதுமையில் அவருக்குத் தொல்லை தந்தவர்கள், கைப்பிடியைச் சுழற்றி இசையெழுப்பும் பெட்டிகளோடு தெருவில் திரிந்த இசைஞர்கள். அவர்களை எதிர்த்து அவர் போராட, அண்டை அயலார் வேண்டுமென்றே அவர் வீட்டு வாயிலில் இசைக்கச் செய்தனர். 1871ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். இறுதி ஊர்வலத்தில் சென்றவர் மிகச் சிலரே.

இந்தியாவில் படைப்பணி புரிந்த மகன் ஹென்றி, எஞ்சிய உறுப்புகளைக் கொண்டு சிறு மாதிரிகள் செய்து சில நிலையங்களுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தது. அங்கே அதனைக் கண்ட ஹோவர்டு அய்க்கன், 1944இல் இயங்கத் தொடங்கிய பெருங்கணிப்பொறியின் திட்டத்தை வகுத்தவர் ஆவார்.

பாபேஜ் பிறந்து இருநூறு ஆண்டு நிறைந்த 1991இல், இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையார் இரண்டாம் வேறுபாட்டுப் பொறியின் கணிக்கும் பகுதியை அவர் வரைந்தவாறே கட்டி முடித்தனர். 4,000 உறுப்புகளைக் கொண்ட அப்பகுதிக்கு, பாபேஜின் காலத்துப் பட்டறைகளால் எய்தக்கூடிய நுட்பத்துக்கு மேற்பட்ட நுட்பம் எதனையும் அவர்கள் கையாளவில்லை. கைப்பிடி சுழன்றது, முப்பத்தோர் இலக்க விடைகள் பிழையின்றி வந்தன. பிழையின் மூன்றாம் வாயிலை அடைக்க வேண்டும் என்று பாபேஜ் வகுத்திருந்த அச்சிடும் பகுதியும் 2002இல் நிறைவெய்தியது.