சிப்பனத்தில் முடிந்த பயணம்: எடி கொக்ரன்

1981 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் றோலிங் ஸ்ரோன்ஸ் இசைக்குழு அமெரிக்கா முழுவதும் சுற்றி நிகழ்ச்சிகள் நடத்தியது. பெரிய விளையாட்டு அரங்குகள், பல்லாயிரக்கணக்கான சனம். குழு தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மிக் ஜாகருக்கு 38 வயது. தங்களுடைய சொந்தப் பாடல்களே ஒரு இரவுக்குத் தாராளமாகப் போதும் என்ற நிலையிலும், அவர்கள் அந்த மேடைகளில் ஒரு பழைய பாட்டை எடுத்துப் பாடினார்கள். இரண்டு நிமிடம்கூட இல்லாத, வேகமான றொக்கபிலிப் பாட்டு. பெயர் 'ருவென்ரி ஃபிளைற் றொக்'. அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஸ்ரில் லைஃப்' என்ற இசைத்தட்டிலும் அது இடம்பெற்றது.

கதை எளிமையானது. காதலி இருபதாவது மாடியில் குடியிருக்கிறாள். லிஃப்ற் பழுது. பெடியன் படியேறிப் போகிறான். மேலே போய்ச் சேரும்போது ஆடுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. மாடிக் குடியிருப்புகளில் பிள்ளை வளர்த்த நம்மவர் பலருக்கு, இந்தப் பகிடியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதை முதலில் பாடிப் பிரபலமாக்கியவர் எடி கொக்ரன். றோலிங் ஸ்ரோன்ஸ் அதைப் பாடிய அந்த ஆண்டில் அவர் உயிரோடு இருந்திருந்தால் வயது 43 தான். ஆனால் அவர் இறந்து 21 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் வாழ்ந்ததும் 21 ஆண்டுகள்தான்.

ரே எட்வேர்ட் கொக்ரன் 1938 ஒக்ரோபர் 3 ஆம் திகதி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அல்பேர்ட் லீ என்ற ஊரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தாய் தகப்பனின் சொந்த மண் அதுவல்ல. அவர்கள் தெற்கே ஒக்லஹோமாவைச் சேர்ந்தவர்கள். 1930களில் அந்தப் பக்கம் வரட்சியும் புழுதிப் புயலும் பொருளாதார வீழ்ச்சியும் ஒன்றாக வந்து தாக்கின. பிழைப்புத் தேடி இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. கொக்ரன் குடும்பமும் வடக்கே போனது. எடி பிறந்தது அந்த இடப்பெயர்வுக்குப் பிறகு. ஆனாலும் பின்னாளில் அவர் ஒக்லஹோமாக்காரனாகவே அறியப்பட்டார். தான் பிறக்காத ஊரைத் தன் ஊராகச் சொல்லும் பிள்ளைகளை நாங்களும் கண்டிருக்கிறோம்.

1950களின் தொடக்கத்தில் குடும்பம் மறுபடியும் இடம் பெயர்ந்து கலிபோர்னியாவுக்கு வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே உள்ள பெல் கார்டன்ஸ் என்ற இடத்தில் குடியேறினார்கள். ஒக்லஹோமா, ஆர்கன்சா பக்கமிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த இடம் அது. அப்படி வந்தவர்களைக் கலிபோர்னியாவில் பலர் 'ஒக்கி' என்று இளக்காரமாக அழைத்த காலம். வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்தது நாட்டுப்புறப் பாட்டும் கிற்றாரும். அதே நகரத்து வானொலியில் கறுப்பின மக்களின் ரிதம் அன் புளூஸ் இசையும் கேட்டது. இந்த இரண்டும் கலந்ததுதான் றொக்கபிலி. மெம்பிஸில் எல்விஸ் பிறெஸ்லியும் கார்ல் பேர்கின்ஸும் செய்துகொண்டிருந்ததைக் கலிபோர்னியாவில் செய்தவர்களில் முக்கியமானவர் எடி.

சிறுவனாக அவர் முதலில் ஆசைப்பட்டது கிற்றாருக்கு அல்ல. பள்ளி இசைக்குழுவில் மேளம் அடிக்க விரும்பினார். அதற்கு முதலில் பியானோ பழகவேண்டும் என்றார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை. கடைசியில் வீட்டில் கிடந்த அண்ணனின் கிற்றாரை எடுத்தார். பெல் கார்டன்ஸ் பள்ளியில் கொனி சிமித் என்ற மாணவன் நண்பனானான். அவர் பேஸ் வாசிப்பவர். எடியின் இசைத்தட்டுகள் பலவற்றில் கேட்கும் பேஸ் அவருடையதே. பதின்ம வயதிலேயே எடி பள்ளியை விட்டுவிட்டு முழுநேர இசைக்காரனானார்.

தொடக்கத்தில் ஹாங்க் கொக்ரன் என்ற இன்னொரு இளைஞனோடு சேர்ந்து 'கொக்ரன் சகோதரர்கள்' என்ற பெயரில் பாடினார்கள். இருவருக்கும் உறவு எதுவும் கிடையாது, குடும்பப் பெயர் மட்டும் ஒன்று. ஹாங்க் பின்னர் நாட்டுப்புற இசையில் பெரிய பாடலாசிரியரானார். அடுத்து ஜெரி கேப்ஹார்ட் என்ற பாடலாசிரியரின் பழக்கம் கிடைத்தது. அவரோடு சேர்ந்துதான் எடியின் முக்கியமான பாடல்கள் பிறந்தன.

1956 இல் ஹொலிவூட் திரைப்படம் ஒன்றில் பாடும் வாய்ப்பு வந்தது. 'த கேர்ள் கான்ற் ஹெல்ப் இற்' என்ற அந்தப் படத்தின் நாயகி ஜேன் மான்ஸ்ஃபீல்ட். லிற்றில் றிச்சர்ட், ஃபற்ஸ் டொமினோ, ஜீன் வின்சன்ற் ஆகியோரும் அதில் தோன்றினார்கள். எடி பாடியது 'ருவென்ரி ஃபிளைற் றொக்'. அப்போது அவருக்கு 18 வயது. கிற்றாரைத் தோளில் மாட்டி, ஒரு கால் நடுங்க, தலைமுடி நெற்றியில் விழ அவர் பாடிய காட்சி சில நிமிடங்கள்கூட இல்லை. ஆனால் அந்தப் படம் அத்திலாந்திக் கடலைத் தாண்டி இங்கிலாந்துத் துறைமுக நகரமான லிவர்பூலுக்கும் போய்ச் சேர்ந்தது.

அங்கே 1957 யூலை 6 ஆம் திகதி, வூல்ற்றன் என்ற பகுதியில் தேவாலய விழா நடந்தது. 16 வயது ஜோன் லெனனின் குழு அங்கே பாடியது. 15 வயது போல் மக்கார்ட்னி அதைப் பார்க்க வந்திருந்தார். பின்னர் லெனனுக்கு முன்னால் கிற்றாரை எடுத்து அவர் வாசித்துக் காட்டிய பாட்டுகளில் ஒன்று 'ருவென்ரி ஃபிளைற் றொக்'. சொற்கள் முழுவதும் அவருக்கு மனப்பாடம். பாட்டுகளின் சொற்களைச் சரியாகத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த லெனனை இது கவர்ந்தது. பின்னர் போல் அந்தக் குழுவில் சேர்க்கப்பட்டார். பீற்றில்ஸ் அங்கிருந்துதான் வளர்ந்தது. கலிபோர்னியாவில் இருந்த எடிக்கு இந்தச் சம்பவம் தெரிய வாய்ப்பே இருக்கவில்லை.

எடியின் இசை வாழ்க்கை நேர்கோட்டில் ஏறியது என்று சொல்லமுடியாது. லிபர்ட்டி நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 1957 இல் ஒரு மென்மையான பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 18 ஆம் இடத்துக்கு வந்தது. அதே ஆண்டு அவுஸ்திரேலியாவுக்கு லிற்றில் றிச்சர்ட்டோடும் ஜீன் வின்சன்ற்றோடும் பயணம் போனார். அதன்பிறகு வந்த பாடல்கள் பெரிதாக எடுபடவில்லை.

1958 இல் 'சமர்ரைம் புளூஸ்' வந்தது. இதில் வேடிக்கை, அது இசைத்தட்டின் மறுபக்கத்தில் போடப்பட்ட பாட்டு. முன்பக்கப் பாட்டை இன்று எவரும் நினைப்பதில்லை. கோடை விடுமுறையில் வேலைக்குப் போகவேண்டியிருக்கும் ஒரு பெடியனின் முறைப்பாடு இது. வேலைத்தல முதலாளி நேரம் விடமாட்டார். வீட்டில் கார் தரமாட்டார்கள். அரசியல்வாதியிடம் போனால், வாக்களிக்கும் வயது வரவில்லை என்று அனுப்பிவிடுவார். அன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குரிமை 21 வயதில்தான். இளைஞரின் குரலுக்குப் பெறுமதி இல்லை என்ற விசயத்தைச் சிரிப்போடு சொன்ன பாட்டு அது. முதலாளி, தகப்பன், அரசியல்வாதி ஆகியோருக்கான தடித்த குரலையும் எடியே பாடினார். பாட்டு அமெரிக்காவில் 8 ஆம் இடத்தைப் பிடித்தது. அடுத்து வந்த 'கமோன் எவ்ரிபடி' சொந்த நாட்டைவிடப் பிரித்தானியாவில் அதிகம் எடுபட்டு, 1959 இல் அங்கே 6 ஆம் இடத்துக்கு வந்தது.

மேடையில் மட்டுமல்ல, ஒலிப்பதிவுக் கூடத்திலும் அவர் கைகாரர். கிறெற்ச் 6120 என்ற செம்மஞ்சள் நிறக் கிற்றாரை வைத்திருந்தார். அதன் கழுத்துப் பக்க ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு, கிப்சன் நிறுவனத்தின் வேறொன்றைப் பொருத்தியிருந்தார். மூன்றாவது தந்திக்குக் கம்பி சுற்றாத மெல்லிய தந்தியைப் போடுவார். அப்படிச் செய்தால் விரலால் வளைத்து ஒலியை இழுக்கலாம். பிரித்தானியாவில் பல கிற்றார்க்காரருக்கு இந்த வித்தை அவரைக் கண்ட பிறகுதான் தெரியவந்தது. ஒரே பாட்டில் பல வாத்தியங்களைத் தானே வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவுசெய்வதிலும் அவருக்கு ஆர்வம்.

1959 பெப்ரவரி 3 ஆம் திகதி, பனிக்குள் ஒரு சிறு விமானம் விழுந்து படி ஹொலி, றிச்சி வலென்ஸ், பிக் பொப்பர் ஆகிய மூவரும் இறந்தார்கள். ஹொலியும் வலென்ஸும் எடியின் நண்பர்கள். அவர்களுக்காக அவர் உடனே ஒரு அஞ்சலிப் பாட்டைப் பதிவுசெய்தார். அது அவர் உயிரோடு இருக்கும்வரை வெளிவரவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு ஊர் ஊராகச் சுற்றுவதில் அவருக்கு மனம் இருக்கவில்லை என்றும், கூடத்துக்குள் இருந்து இசை செய்யவே விரும்பினார் என்றும் நெருங்கியவர்கள் பின்னர் சொன்னார்கள். ஆனால் வருமானம் மேடையில்தான் இருந்தது.

1960 ஜனவரியில் பிரித்தானியாவுக்கு வந்தார். முன்னர் படி ஹொலியோடு வாசித்த கிறிக்கெற்ஸ் குழுவினரோடு ஒரு புதிய பாட்டைப் பதிவுசெய்து கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். பிரித்தானியாவில் ஜீன் வின்சன்ற்றோடு சேர்ந்து நகரம் நகரமாக நிகழ்ச்சிகள். அமெரிக்க றொக் பாடகரை நேரில் காண்பது அங்கே அபூர்வம். அரங்குகள் நிறைந்தன. லிவர்பூலில் அவரைப் பார்த்தவர்களில் 17 வயது ஜோர்ஜ் ஹரிசனும் ஒருவர். குளிர்காலத்தில், வீட்டைவிட்டு மூன்று மாதம். பாடலாசிரியரான அவருடைய காதலி ஷரன் ஷீலி கலிபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்.

ஏப்ரல் 16, சனிக்கிழமை, பிரிஸ்ரல் ஹிப்போட்றோமில் கடைசி நிகழ்ச்சி. அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. லண்டனிலிருந்து விமானம் ஏறி வீட்டுக்குப் போய்ச் சிறிது ஓய்வெடுத்துவிட்டு, மறுபடியும் வருவதாக ஏற்பாடு. இரவோடு இரவாக வாடகைக் கார் ஒன்றில் லண்டனுக்குப் புறப்பட்டார்கள். அப்போது எம்4 நெடுஞ்சாலை போடப்படவில்லை. ஏ4 வீதிதான் வழி. நள்ளிரவு நெருங்கும் நேரம், சிப்பனம் என்ற ஊரில் றோடன் ஹில் என்ற இடத்தில் கார் கட்டுப்பாட்டை இழந்து வீதியோர விளக்குக் கம்பத்தில் மோதியது. இருக்கைப் பட்டி கட்டும் வழக்கம் இல்லாத காலம். எடி வெளியே தூக்கி எறியப்பட்டார். ஷரனும் வின்சன்ற்றும் காயங்களோடு தப்பினார்கள். பாத் நகரத்தில் உள்ள சென்ற் மார்ட்டின்ஸ் வைத்தியசாலையில், ஞாயிறு பிற்பகல் எடியின் உயிர் பிரிந்தது. வேகமாக ஓட்டிய சாரதி பின்னர் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

உடலை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவின் சைப்ரஸ் என்ற ஊரில் அடக்கம் நடந்தது. பிள்ளை வருகிறான் என்று காத்திருந்த வீட்டுக்கு அவன் பெட்டியில் போய்ச் சேர்ந்தான். இதற்குமேல் அதைப்பற்றி எழுத வேண்டியதில்லை. அந்தப் பெட்டியின் பாரம் தெரிந்த வீடுகள் எங்களிடையே இருக்கின்றன.

புறப்படுமுன் பதிவுசெய்த பாட்டு, 'திறீ ஸ்ரெப்ஸ் ரு ஹெவன்', சில கிழமைகளில் பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்தது. சொர்க்கத்துக்கு மூன்று படிகள் என்ற அந்தப் பெயர் கேட்டவர்களை உலுக்கியது. அமெரிக்காவில் அதே பாட்டு தரவரிசைக்குள்ளேயே வரவில்லை.

அவர் பெயரை மங்கவிடாமல் வைத்திருந்தவர்கள் அடுத்த தலைமுறையினர். 1970 பெப்ரவரி 14 ஆம் திகதி லீட்ஸ் பல்கலைக்கழக உணவு மண்டபத்தில் த ஹூ குழு 'சமர்ரைம் புளூஸ்' பாட்டைப் பாடியது. பீற் ரவுண்செண்டின் கிற்றார் இடிபோல விழுந்தது. எடி சிரிப்போடு சொன்ன முறைப்பாடு அங்கே கோபமாக மாறியது. அந்தப் பதிவு இன்றும் சிறந்த மேடைப் பதிவுகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 1979 இல் செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவும் அவருடைய பாட்டுகளை எடுத்துப் பாடியது. 1981 இல் றோலிங் ஸ்ரோன்ஸ். 1987 இல் அமெரிக்காவின் றொக் அன் றோல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

றோலிங் ஸ்ரோன்ஸ் பாடிய அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். புதிதாக எதையும் சேர்க்க அவர்கள் முயலவில்லை. சிறு வயதில் வானொலியிலும் திரையிலும் கேட்டதை அப்படியே, கொஞ்சம் கரடுமுரடாக, அவசரமாகப் பாடி முடிக்கிறார்கள். தங்களுக்குக் கிற்றாரைக் கையில் எடுக்க வைத்தவர்களில் ஒருவருக்கு, அவர் காணாத வயதை அடைந்த பிறகு செய்த மரியாதை அது.

சிப்பனத்தில் விபத்து நடந்த வீதியோரத்தில் இன்று ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அவர் அந்த ஊரில் பிறக்கவில்லை, வாழவில்லை, ஒருநாள் தங்கவும் இல்லை. கடந்து போகையில் விழுந்தவர். ஆனாலும் அந்த ஊர் அவர் பெயரைக் கல்லில் வைத்திருக்கிறது. பிரித்தானியாவில் இருக்கும் நம்மவர், பாத் பக்கம் பிள்ளைகளோடு போகும்போது, எம்4 இல் இருந்து இறங்கிப் பத்து நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போகலாம். காரில் பாட்டைப் போட்டுவிட்டுப் போனால் பிள்ளைகளே மிச்சத்தைக் கேட்பார்கள்.