கறிவேப்பிலையிற் பெயர் நின்ற வைத்தியர்

நம் அடுக்களையில் நாடோறும் தாளிதத்திற்குக் கிள்ளியிடும் கறிவேப்பிலைக்குத் தாவர நூலார் வழங்கும் பெயரில் ஒரு மனிதர் மறைந்து நிற்கின்றார். அவரே யோகான் கெரார்டு கோனிக் என்பார். பால்டிக் கடலை யடுத்த லிவோனியா நாட்டில் 1728-ஆம் ஆண்டு பிறந்து, மருந்து கூட்டுந் தொழில் பயின்று, பின்னர்ச் சுவீடன் சென்று லின்னேயஸ் பேராசிரியரிடம் பாடங் கேட்டனர். இனப்பெயரும் சிறப்புப் பெயருமாக இரு சொல்லால் உயிர்களை வழங்கும் முறையை நிலைநாட்டியவர் அவ்வாசிரியரே.

1764-65-இல் கோனிக் ஐஸ்லாந்துத் தீவிற் செடி தேடினர். ஆங்குக் கண்ட சிறு பூண்டொன்றிற்கு லின்னேயஸ் 'கோனிகியா' எனப் பெயரிட்டனர். அக்குளிர்த் தீவிற் பாறைகளைப் போர்த்துக் கிடப்பன கற்பாசிகள். அவை யனைத்தையும் லின்னேயஸ் ஓரினத்துள் அடக்கிவிட்டார். அவருடைய கடைசி மாணாக்கரான அக்காரியஸ் என்னும் ஊர் வைத்தியரே 1798 முதல் 1814 வரை நூல்கள் இயற்றிப் பலவினமாகப் பிரித்தவர். மரப்பட்டையில் ஓடுபோல் ஒட்டிப் பட்டையோடு அரிந்தாலன்றி எடுக்கவாராத கற்பாசியும் உண்டு. அவற்றுள் ஒன்றன்மேல் ஏட்டெழுத்தனைய கருங்கீற்றுகள் தோன்றும். வித்துத்துகள் உண்டாகும் இடம் அக்கீற்றே. எழுத்து என்று பொருள்படவே அதற்குப் பெயரும் அமைந்தது. தமிழ் பயிலும் நமக்கு அஃது உறவுடைய பாசி போலும்! பூஞ்சணமும் பாசியும் ஓருடலாய் வாழ்வதே கற்பாசி என்பதைச் சுவெண்டனர் என்பவர் 1867-இல் எடுத்துரைத்தனர். கந்தகப் புகையை இவற்றுட் பல பொறா. ஆதலின் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து மரப்பட்டைகளை நாம் உற்றுநோக்குதல் வீண் வேலையன்று.

1768-இல் கோனிக் மிஷன் வைத்தியராகத் தரங்கம்பாடி சேர்ந்தனர். ஊதியமோ சிறிது, செடி தேடும் பயணச் செலவோ பெரிது. 1774-இல் ஆற்காட்டு நவாபிடமும், 1778-இல் சென்னையிற் கம்பெனியாரிடமும் இயற்கை நூலறிஞராக அமர்ந்தனர். வைத்தியத்தை விட்டு இலைபின் ஓடினாரே எனச் சிலர் குறை கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதோம்: மருந்துச் செடியைப் பிழையற இனங்காணாத வைத்தியம் இருளில் எய்த அம்பன்றோ? தரங்கம்பாடித் தொண்டருட் செடி சேர்க்கும் பழக்கத்தை வேரூன்றச் செய்தவரும் அவரே. அவர் காலத்தே அங்கு வந்த ரோட்லர் ஐயர், சென்னை வேப்பேரியிற் பின்னர் வாழ்ந்து, செடிகளோடு தமிழ்ச் சொற்களையுந் தொகுத்து அகராதி செய்தமை நம் வகுப்பினர் அறிவர்.

சயாம், மலாக்கா நாடுகளிலும் திரிந்து 1780-இல் மீண்டார். இஞ்சிக் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதியதைச் சுவீடனில் ரெட்சியஸ் 1783-இல் வெளியிட்டனர். எஞ்சிய ஏடுகள் தம் கையால் நூலாகுமுன், 1785 ஜூன் 26-இல், காக்கிநாடாவை யடுத்த ஜகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பினால் உயிர் நீத்தார். நண்பர் ராக்ஸ்பர்க் வைத்தியர் அருகிருந்தனர். ஏடுகள் இலண்டனில் பாங்க்ஸ் பிரபுவைச் சேர்ந்தன. இந்நாட்டு வெயிலில் எழுதியவை இந்நாட்டில் தங்காமற் போயின. நமக்கு இது வருத்தமே.

கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771-இல் இட்ட பெயர் 'பெர்கெரா கோனிகி'. 1825-இல் ஸ்பிரெங்கல் அதனை 'முர்ராயா' இனத்துட் சேர்த்தனர். இந்நாளிற் சிலர் மீண்டும் பெர்கெரா என்கின்றனர். இனப்பெயர் இவ்வாறு அலைய, 'கோனிகி' மட்டும் பெயராது நிற்கின்றது.